வலியைச் சொல்லுங்கள்!

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜகிரி மலை உச்சியில் நின்றால் சுற்றிலும் வெகு தூரம் தெரியும். பகைவன் தூரத்தில் வரும்போதே காவல்காரன் குரல் கொடுக்க வேண்டும். வாசலுக்கு வந்த பிறகு கூவினால் என்ன பயன்?

நோய்க்கும் இதே நியாயம்தான். ஆனால் இங்கே குரல் கொடுக்க வேண்டியவர் நோயாளி. அவரோ வாய் திறப்பதில்லை!

பொறுமையா, ஆபத்தா?

நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், ஆபரேஷன் செய்து நோயுள்ள பகுதியை எடுத்துவிடுகிறார்கள். செஞ்சிப் பக்கத்து மக்கள் பலர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ போகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகும் நெஞ்சு வலி, இருமல், மூச்சு வாங்குதல், அசதி, தூக்கமின்மை இருக்கும். "மறுபடியும் பஸ் ஏறினால் பிள்ளைக்கு ஒரு நாள் கூலி போகும்" என்று பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள்.

இது பொறுமை அல்ல, ஆபத்து! வலி இருந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. வலிக்குப் பயந்து இருமலையும் அடக்குவார்கள். சளி உள்ளேயே தங்கும். அது நிமோனியாக் காய்ச்சலில் கொண்டு போய் விடலாம்.

ஐந்து கேள்விகள்

இதற்குச் சீன டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 166 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். மேலே சொன்ன ஐந்து தொல்லைகளையும் பற்றி எல்லோரிடமும் மின்னணு முறையில் கேட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகு 4 வாரம் வரை, வாரம் 2 முறை கேள்வி. தொல்லையே இல்லை என்றால் 0. மிக மோசம் என்றால் 10.

ஒரு பிரிவில் யாராவது 4 அல்லது அதற்கு மேல் குறித்தால், உடனே டாக்டருக்கு எச்சரிக்கை போனது. அவர் கவனித்தார். மற்றப் பிரிவில் எச்சரிக்கை இல்லை; வழக்கமான சிகிச்சைதான்.

முடிவு 2022-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குச் சிக்கல்கள் வந்தன. எச்சரிக்கை போன பிரிவில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான்!

கருவி மட்டும் போதுமா?

போதாது. இரண்டு பிரிவினரும் எண்ணைக் குறித்தார்கள். அதைப் பார்த்துக் கவனிக்க ஆள் இருந்த பிரிவில்தான் சிக்கல்கள் குறைந்தன.

ஆகவே நமது ஆஸ்பத்திரிகள் இந்த முறையை வழக்கமாக்க வேண்டும். கேள்வி தமிழில், பேசும் குரலில் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் எண்ணை அழுத்திப் பதில் சொல்ல முடிய வேண்டும். பதிலைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட ஒரு நர்சைப் பொறுப்பாக்க வேண்டும். செல்போன் இல்லாத வீட்டுக்கு ஆள் போக வேண்டும். வீடு தேடிப் போவது முடியாத காரியம் அல்ல. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைக் காட்டியிருக்கிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

அதுவரை வீட்டிலேயே இதைச் செய்யலாம். காலையும் மாலையும் கேளுங்கள்: "வலி பத்தில் எத்தனை?" பதிலை அவரே சொல்லட்டும், அவருக்காக நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எண் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலியைச் சொல்வது தொந்தரவு அல்ல. அதுவும் மருந்துதான்!