வெளுத்த சோறு வலிமை தருமா?

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதை அறிந்த நம் மக்கள், வெளுத்த அரிசியே உயர்ந்த அரிசி என்று நம்பிக் கெடுகின்றனர். பழுப்பேறிய புழுங்கலரிசிச் சோற்றை விருந்தினர்க்கு இடக் கூசுகின்றனர். கொட்டையரிசி ஏழைக்கு, வெள்ளையரிசி செல்வர்க்கு என்று உணவிலும் உயர்வு தாழ்வு கற்பித்துக்கொண்டோம். இம்மயக்கத்தின் விலை என்ன?

நெல்லின் மேலே உமி; அதனடியில் தவிடு; ஒரு முனையில் முளை; நடுவே வெண்ணிற மாப்பொருள். ஆலையில் தீட்டத் தீட்டத் தவிடும் முளையும் நீங்கி, மாப்பொருளே எஞ்சுகின்றது. தவிட்டில் எண்ணெய் உண்மையால் தீட்டாத அரிசி விரைவிற் சிக்குநாற்றம் எடுக்கும். எனவே, தீட்டிய அரிசி வணிகனுக்கு நன்று. உண்பவனுக்கு?

உண்ட சோற்றின் மாப்பொருள் உமிழ்நீராலேயே சிதையத் தொடங்கி, சிறுகுடலில் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. கலந்த அளவிலேயே அஃது ஆற்றலாகிவிடாது. உயிரணுக்களில் அது முறையாக எரிதற்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்து வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமே போதும். ஆயினும் அதனைச் சில கிழமைகளுக்கு மேல் உடல் சேர்த்துவைக்க இயலாது. அது குன்றின் கால் மரக்கும், தசை தளரும், நெஞ்சாங்குலை சோர்ந்து உயிரும் போகும். அதுவே பெரிபெரி நோய். விறகு மலைபோற் குவிந்திருந்தும் தீப்பொறி இல்லாத அடுப்பின் நிலை அது! அத்தயமின் மிகுதியும் இருப்பது, நாம் கழித்துத் தள்ளும் தவிட்டிலும் முளையிலுமே.

சாவாத் தீவில் எய்க்குமன் என்னும் தச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் முடங்கியதையும், தீட்டாத அரிசியால் அவை தேறியதையும் கண்டார். தவிட்டில் உள்ள இன்றியமையாப் பொருளொன்று குறைவதே கரணியம் என 1901-இல் கிரின்சு தெளிவுறுத்தினார். எய்க்குமனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1918-இல் குன்னூர்ப் பாசுடர் நிறுவனத்தின் ஓர் அறையில் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு பெரிபெரி பற்றியதே. அந்நாளைய சென்னை மாகாணத்தின் வடகடற்கரையில், தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரப் பகுதிகளில் அந்நோய் வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்நிலத்தில் அஃது அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே சென்று படிகின்றது. பின்னர்த் தீட்டினும் பெரும்பகுதி தங்கிவிடுகின்றது. தயமின் என்னும் பெயரே அறியாத காலத்தில், நெல்லவித்த நம் பாட்டியர் கைத்திறம் அது!

பருப்பும் பயறும் முட்டையும் நாள்தோறும் உண்போர்க்குப் பச்சரிசியால் பெருங்கேடில்லை. அவற்றாலேயே தயமின் கிடைத்துவிடும். சோறே உணவாய், குழம்பே துணையாய் வாழும் ஏழைக்கு அத்துணை ஏது? தயமின் குன்றிய தாயின் பாலுண்ணும் குழந்தைக்கும் பெரிபெரி வரும். வெண்மை மயக்கம் முதலிற் கொல்வது வலுவற்றோரையே.

இன்று தவிடும் கழுநீரும் மாட்டுக்கு. வடித்த கஞ்சி சாய்கடைக்கு. வெறும் மாவு நமக்கு! மாட்டுக்குக் கொடுப்பதில் தவறில்லை. மகனுக்கும் மிச்சம் வையுங்கள் என்பதே நம் வேண்டுகோள். புழுங்கலரிசியை, மிகத் தீட்டாததாய்த் தேர்ந்து வாங்குங்கள். பலமுறை கழுவாதீர்கள். அளவான நீரில் பொங்குங்கள். வடித்தால் அக்கஞ்சியைக் குடியுங்கள். இதற்குப் பெரும்பணம் வேண்டா. கூச்சத்தை விட்டொழித்தால் போதும். சோற்றின் சிறப்பு அதன் நிறத்திலன்று. உண்டவன் உடலில் ஏறும் உரத்தில் உள்ளது!