தில்லி எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் தில்லிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். புகைவண்டி ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வானூர்தியோ இரண்டே முக்கால் மணியில் கொண்டு சேர்த்துவிடுகிறது. சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். நாலரை மணிக்குள் அங்கே கால் வைக்கலாம். 1932 அக்டோபரில் டாட்டாவின் சிறு விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சல் சுமந்து வந்ததே, அந்நாளில் அது பெரும் புதுமை! விஞ்ஞானத்தின் வெற்றியை மறுப்பார் எவர்?

ஆனால், வாசகத் தோழரே, இந்தக் கணக்கு ஓடுபாதையில் தொடங்கி ஓடுபாதையிலேயே முடிந்துவிடுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவன் ஓடுபாதையிலா குடியிருக்கிறான்? அவன் வீட்டு வாசலிலிருந்து அளந்து பாரும்! பாடியில் நெரிசல், கோயம்பேட்டில் நெரிசல், கத்திப்பாராவில் காத்திருப்பு. மீனம்பாக்கம் சேர்ந்த பின்னரோ சோதனைக்கு வரிசை. பெங்களூருக்கு வானில் ஒரு மணி நேரம்தான். எனினும் அங்கே 2008-இல் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டதால், இறங்கியபின் ஊருக்குள் வர மீண்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல்! நாலரை மணியில் பெங்களூர் சேரும் விரைவு வண்டியோ அம்பத்தூர், ஆவடி நிலையங்களின் ஊடாகவே ஓடுகிறது. நிற்பதில்லை, அவ்வளவுதான்.

மெட்ரோ வரட்டும், துயர் தீரும் என்றார்கள். பூந்தமல்லித் தடத்தையும் உள்ளடக்கிய இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் மத்திய உள்துறை அமைச்சர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது எப்போது? 2024 அக்டோபரில்! தில்லிக்குப் போக இரண்டே முக்கால் மணி. தில்லியிலிருந்து ஒப்புதல் வர நான்காண்டு! 1955-இல் ஆவடியில் மாநாடு கூட்டிச் சோசலிசப் பாணிச் சமுதாயம் படைப்போம் எனத் தீர்மானித்தபோது, தில்லித் தலைவர்களுக்கு ஆவடி தூரமாகத் தோன்றவில்லை!

இனிப் பரந்தூரைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது விமான நிலையம்; நகரிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் இடம் போதாது என்பது மெய்யே. ஆனால் இதற்கென வகுத்த 5,746 ஏக்கரில் வயலும் உண்டு, ஏரியும் உண்டு, ஏகனாபுரம் மக்களின் வாழ்வும் உண்டு. கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் இயற்றி அவர்கள் கேட்டது சலுகையன்று, தங்கள் மண். பயணியின் நேரத்தை நிமிடக் கணக்கில் எண்ணுவோர், உழுதவன் அந்த மண்ணில் கழித்த தலைமுறைகளை எந்தக் கணக்கில் எழுதுவர்?

நிலையம் பரந்தூரில்; ஆனால் 2025-இல் மாநில அரசு கொள்கை ஒப்புதல் வழங்கிய முதற்கட்ட மெட்ரோ நீட்டிப்போ பூந்தமல்லியிலிருந்து 27.9 கிலோமீட்டர் சென்று சுங்குவார்சத்திரத்தோடு நின்றுவிடுகிறது! அவ்வாண்டே ஒப்புதல் பெற்ற மற்றொன்று, கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே பட்டாபிராம் செல்லும் 21.76 கிலோமீட்டர்த் தடம். ஏகனாபுரத்தாரின் சம்மதமின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கலாகாது. பட்டாபிராம் தடத்துக்கோ, பூந்தமல்லிக்கு ஆனதுபோல் இன்னொரு நான்காண்டு ஆகலாகாது. இவ்விரண்டையும் ஆட்சியாளரிடம் கேட்கிறோம். அம்பத்தூரும் ஆவடியும் உரக்கக் கேட்கட்டும்!