‘மழைக்கு வாய்ப்பு’ என்றால் வருமா, வராதா? பாலத்தில் கார் ஏற்றியவர்கள் ஏமாந்தார்களா?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுதான். "ரெட் அலர்ட்டுன்னான்... பாருய்யா, சுள்ளுன்னு வெயில் அடிக்குது!" என்று ஒருவர் சிரிப்பார். "சும்மா இருப்பா, 2015-ல கழுத்தளவு தண்ணில நின்னவன் நான்" என்று இன்னொருவர் அடக்குவார்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. வானிலை ஆய்வு மையம் சொல்வது "வாய்ப்பு உள்ளது" என்று. ஜனங்கள் காதில் விழுவதோ "வரும்", இல்லாவிட்டால் "வராது". வம்பே இங்கேதான்!

பாலத்தில் வரிசை கட்டிய கார்கள்

2024 அக்டோபரில் நடந்தது ஊருக்கே தெரியும். 16-ந்தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட். பள்ளிக்கூடங்களுக்கு லீவு. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுக கார்கள் வரிசை கட்டி நின்றன. முதல் நாள் மழை பலமாகத்தான் பெய்தது. ஆனால் காற்றழுத்த தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கியதால் 16-ந்தேதி நகரில் மழை அடங்கிவிட்டது. மறுநாள் அதிகாலை அது சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. காரை இறக்கிக் கொண்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது கேலிதான்.

அதே மாதத் தொடக்கத்தில் வானிலை துறை இன்னொன்றும் சொல்லியிருந்தது. இந்த சீசனில் தென்மாநிலங்களில் மழை இயல்பைவிட அதிகமாக இருக்கும் என்று. அது பலித்தது! தமிழ்நாட்டில் சீசன் மழை 33 சதவீதம் கூடுதல். நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

சீசன் வேறு, தெரு வேறு

அக்டோபரில் வரும் சீசன் கணிப்பை நம்பி யாரும் தங்கள் தெருவுக்குக் கணக்குப் போடக்கூடாது. தமிழ்நாடு, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய 5 பகுதிகளையும் சேர்த்து 3 மாதத்துக்கு எடுக்கும் சராசரி அது. சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் "இயல்பு". எந்த ஊரில், எந்த ராத்திரி என்பதெல்லாம் அதில் கிடையாது.

2016-ஐ நினைத்துப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்கு பருவமழை 62 சதவீதம் குறைவு. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. ஆனால் அதே சீசனில்தான், டிசம்பர் 12-ந்தேதி, வர்தா புயல் சென்னைக்குள்ளேயே புகுந்து ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. மழை இல்லாத வருஷம் என்று புயல் ஒதுங்கிப் போகவில்லை.

வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் எண்

கடலில் தாழ்வு மண்டலம் உருவாகுமா என்று டெல்லியில் உள்ள புயல் எச்சரிக்கை மையம் தினமும் அறிக்கை விடுகிறது. அதில் வரும் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. "குறைவு" என்றால் 100-க்கு 1 முதல் 33. "மிதம்" என்றால் 34 முதல் 67. அதற்கு மேல் "அதிகம்". 75 என்றே வைத்துக்கொண்டால், நாலு தடவையில் ஒரு தடவை ஒன்றுமில்லாமல் போகத்தான் வேண்டும். ஒரு தடவைகூட போகாவிட்டால்தான் கணக்கில் தப்பு!

இன்னொரு வார்த்தை "ஓரிரு இடங்களில்". இதைக் கேட்டதும் லேசான தூறல் என்று பலர் நினைத்துக் கொள்கிறார்கள். அது மழையின் பலத்தைச் சொல்லவில்லை. ஒரு பகுதியில் உள்ள மழை அளவு நிலையங்களில் கால்வாசி வரைக்கும்தான் பெய்யும் என்று பரப்பைச் சொல்கிறது. பலத்தைச் சொல்ல வேறு வார்த்தை இருக்கிறது. 7 செ.மீ. முதல் கனமழை, 12 முதல் மிக கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்று ரேடியோவில் சொன்னால், அந்த ஓரிரு இடம் நம்ம பேட்டையாக இருந்தால் கதை முடிந்தது. கலரும் அப்படித்தான். மழை வரும் வாய்ப்பு எவ்வளவு, வந்தால் நாசம் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

கடைக்காரர் கணக்கு

பள்ளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் தரையில் 40,000 ரூபாய் அரிசி மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை போட்டு மேலே ஏற்ற கூலி 500 ரூபாய். தண்ணீர் புகுந்தால் அத்தனையும் பாழ். தண்ணீர் வர பத்தில் ஒரு வாய்ப்புதான் என்றாலும், பத்து தடவை ஏற்றி இறக்க 5,000 ரூபாய். ஏற்றாமல் விட்ட ஒரு தடவைக்கு 40,000 ரூபாய். ஒன்பது தடவை பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்!

அதற்காக வானிலை துறை பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 30-ந்தேதி மதியத்துக்கு மேல் மழை கொட்டி, ஆபீஸ் விட்டு வீடு திரும்பியவர்கள் ராத்திரி வரை அண்ணா சாலையில் தவித்தார்கள். அன்று காலை அப்படி ஒரு மழைக்கு எச்சரிக்கையே இல்லை. வாய்ப்பு குறைவு என்று சொல்லிவிட்டு மழை வருவது ஒன்று. வாயே திறக்காமல் இருந்தது வேறு. முதல்-அமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது விவகாரம்.

வேளச்சேரிக்காரர்களைக் கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா அருகே. "நமக்கு இல்லப்பா, ஆந்திராவுக்குத்தான் போவுது" என்று இருந்தவர்கள் வீட்டு வாசலில் 4-ந்தேதி படகு வந்தது. கார்கள் தண்ணீரில் மிதந்தன. பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றது அதற்குப் பத்தே மாதம் கழித்துத்தான்.