வண்டிக்கு வினைல் ராப்பிங்: முதல் முறை ஒட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

சிக்னலில் நிற்கும்போது ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். பால் வண்டி, கூரியர் வேன், கேட்டரிங் ஆம்னி, மாநகரப் பேருந்து என்று பல வண்டிகள் பெயின்ட் தெரியாத அளவுக்கு விளம்பரத்தைப் போர்த்திக்கொண்டு ஓடுகின்றன. பெயின்டர் வந்து பிரஷ்ஷால் கடைப் பெயர் எழுதிய காலம் மெல்ல மறைந்து, அச்சடித்த வினைல் ஸ்டிக்கரை வண்டி முழுக்க ஒட்டும் 'ராப்பிங்' சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது.

சிறிய அளவில் தொழில் தொடங்குபவருக்கு இது நல்ல விளம்பரம்தான். ஆனால், முதல் முறை ஒட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சதுர அடி எவ்வளவு?" அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஓர் உதாரணம். இட்லி மாவு பாக்கெட் போடும் ஒருவர் பழைய வேன் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் பின்கதவும் சேர்த்தால் சுமார் 100 சதுர அடி வரும். முதல் கடையில் ஒரு விலை. அடுத்த கடையில் அதைப்போல இரண்டு மடங்கு. "ரெண்டும் வினைல்தானே, எதுக்கு இவ்வளவு ஜாஸ்தி?" என்று குறைந்த விலைக்கே கொடுத்துவிடுகிறார்.

ஒட்டிய அன்று இரண்டு வண்டியும் ஒரே மாதிரி பளபளக்கும். வித்தியாசம் தெரிய ஒரு கோடைக்காலம் தேவை. ஏனென்றால் இரண்டும் ஒரே வினைல் இல்லை.

வாகனத்தில் ஒட்டுவது பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய படலம். அதன் முதுகில் அழுத்தினால் ஒட்டும் பசை இருக்கும். இதைத் தயாரிக்க முக்கியமாக இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று 'கேலண்டர்டு': சூடான உருளைகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை நசுக்கி, இழுத்து, தாளாக்குவது. இன்னொன்று 'காஸ்ட்': திரவ நிலையில் ஊற்றி, பரவவிட்டு, உலர வைப்பது.

சமையலறைக் கணக்கில் சொன்னால் சப்பாத்தியும் தோசையும். சப்பாத்தி மாவைத் தேய்த்துவிட்டுக் கட்டையை எடுத்தால் கொஞ்சம் உள்ளே சுருங்கும். தோசை மாவு ஊற்றிய இடத்திலேயே நிற்கும். கேலண்டர்டு படலமும் அப்படித்தான். இழுத்துத் தட்டையாக்கிய பிளாஸ்டிக், வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஓரங்கள் சுருங்கும், மூலைகள் எழும்பும், வளைவுகளில் பிரிந்து நிற்கும். காஸ்ட் படலம் இன்னும் மெல்லியது, சுமார் 50 மைக்ரான். வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். விலை அதிகம்.

அதற்காக எல்லோரும் காஸ்ட்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தட்டையான பக்கவாட்டுத் தகடுள்ள வேனில், இரண்டு மூன்று வருடத்துக்கு விளம்பரம் போதும் என்றால் தரமான 'பாலிமெரிக்' கேலண்டர்டு படலம் போதும். இதில் மலிவான 'மோனோமெரிக்' வகை கடைக் கண்ணாடிக்கும் தற்காலிக போர்டுக்கும் சரி, வண்டிக்குச் சரிப்படாது. எந்த வகை என்று பில்லில் எழுதி வாங்குவதுதான் முக்கியம். படலத்தின் ஆயுள் என்று நிறுவனங்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் பரப்புக்கானது. நேராக வெயில் வாங்கும் பானெட், கூரை ஆகியவற்றுக்கு அது நன்றாகவே குறையும்.

அச்சடித்ததும் ஒட்டிவிடலாமா?

"காலையில டிசைன் கொடுங்க, சாயங்காலம் வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு கடை சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

நம் ஊர்களில் பரவலாக இருக்கும் பிரின்டர்கள் கரைப்பான் கலந்த மையில் அச்சடிப்பவை. கைக்கு உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் அந்தக் கரைப்பான் படலத்துக்குள் தங்கியிருக்கும். குறைந்தது ஒரு நாளாவது காற்றாட வைத்து, அது வெளியேறிய பிறகே மேலே லேமினேஷன் போட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பசையை இளக்கிவிடும். ஒட்டிய சில வாரங்களில் ஓரம் சுருண்டு வந்தால் பழி பசையின் மேல் விழும். உண்மைக் குற்றவாளி அந்த அவசரமாகக்கூட இருக்கலாம். லேடெக்ஸ், யு.வி. மை பிரின்டர்களில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தேவைப்படாது. ஆகவே, எந்த மை என்பதையும் கேளுங்கள்.

செலவைக் குறைக்க "லேமினேஷன் வேண்டாம்" என்று சொல்பவர்களும் உண்டு. மையை வெயிலிலிருந்தும், தண்ணீர் அடிக்கும்போது படும் கீறலிலிருந்தும் காப்பாற்றுவது அந்த மேல் படலம்தான். அதைத் தவிர்த்தால் சிவப்பு எழுத்து சீக்கிரமே வெளிறிப் போகும்.

நீங்களே ஒட்டுவதாக இருந்தால்?

முடியாத காரியம் இல்லை. ஆனால், முதல் முறையே வண்டி முழுவதையும் தொடாதீர்கள். பின்கதவு, பக்கவாட்டுக் கதவு போன்ற தட்டையான இடத்தில் ஆரம்பியுங்கள். பம்பர், கண்ணாடிக் கூடு, ஆழமான பள்ளங்கள் ஆகியவற்றை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

வேலையில் பெரும்பங்கு சுத்தம் செய்வதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்க வேண்டும். அது தானாக ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், அதோடு பட்ட எண்ணெய், பளபளப்புக்குப் பூசிய சிலிக்கான் பாலிஷ் - இவை எல்லாமே பசைக்கு எதிரி. கதவு இடுக்கிலும் கைப்பிடிக்கு அடியிலும் அழுக்கு ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் முதலில் எழும்புவதும் அங்கேதான்.

அடுத்தது நேரம். உச்சி வெயிலில் நின்ற வண்டியின் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பசை பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. தகடு குளிர்ந்திருக்கும் காலை நேரம், நிழல், காற்றில் தூசி பறக்காத இடம் ஆகிய மூன்றும் வேண்டும்.

படலத்தை மாஸ்கிங் டேப்பால் தொங்கவிட்டு, தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்க்வீஜியால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பும் முந்தைய தேய்ப்பின் மேல் பாதி ஏற வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். தூக்கி, விடுவித்து, மறுபடி படுக்க வையுங்கள்.

பள்ளங்களில் ஹீட் கன் தேவைப்படும். சூடாக்கி இழுத்தால் படலம் ரப்பர் போல நீளும். "ஆஹா, நல்லா வருதே" என்று இழுத்துவிடுவதுதான் முதல் முறை செய்பவரின் வழக்கமான தவறு. அளவுக்கு மீறி நீட்டிய இடத்தில் நிறம் வெளுக்கும், எழுத்து கோணும், சில நாட்களில் சுருங்கித் திரும்பும். அதனால்தான் ஒட்டி முடித்ததும் வளைவுகளையும் ஓரங்களையும் இன்னொரு முறை சூடுபடுத்துகிறார்கள். காஸ்ட் படலத்துக்கு இந்தச் சூடு சுமார் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். கை உணர்வை நம்பாமல் வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, பிளேடு. வண்டியின் மேலேயே வைத்து அறுக்கும் ஒவ்வொரு கோடும் பெயின்டில் விழுகிறது. இன்று தெரியாது. ஸ்டிக்கர் உரிக்கும் நாளில் அந்தக் கோடு துருவாக நிற்கும். பிளேடு இல்லாமல் நூலால் அறுக்கும் டேப் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் கடையா என்று கேட்பதில் தப்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. வினைல் ராப்பிங் என்று தனியாக எதையும் அது பேசுவதில்லை. ஆனால், வாகனத்தின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம். பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. வெள்ளை வேனின் பக்கவாட்டில் கடைப் பெயரும் போன் நம்பரும் ஒட்டுவது வேறு. வெள்ளை வேன் முழுவதையும் கறுப்பாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது. இல்லாவிட்டால் சோதனையிலும், வண்டியை விற்கும்போதும், விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதும் "ஆர்.சி.யில் ஒரு கலர், வண்டி ஒரு கலரா?" என்ற கேள்வி வரும். பெர்மிட்டில் ஓடும் வாடகை வண்டியில் வேறு நிறுவனத்தின் விளம்பரத்தை ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் அங்கே கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சில நிறங்களுக்கு நேரடித் தடையே உண்டு. ராணுவத்தின் ஆலிவ் பச்சையை மற்ற வாகனங்கள் பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. பெயின்ட்டுக்குச் சொன்னது ஸ்டிக்கருக்குப் பொருந்தாது என்று வாதாடிப் பார்க்க வேண்டாம்.

அதேபோல, ஸ்டிக்கரில் என்ன எழுதுகிறோம் என்பதும் பிரச்சினையாகலாம். தனியார் வாகனங்களில் பிரஸ், போலீஸ், வழக்கறிஞர், அரசுத் துறை, கட்சிச் சின்னம் என்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்க, 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னை போக்குவரத்துக் காவல் துறை அறிவித்தது நினைவிருக்கும். நம்பர் பிளேட்டில் வேறு எதையும் ஒட்டினால் அது தனிக் குற்றம். சரக்கு வாகனங்களில் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப்பையும், பக்கவாட்டில் எழுதிய எடை விவரங்களையும் டிசைனுக்காக மூடிவிடாதீர்கள்.

பின்கண்ணாடியில் ஒட்டலாமா?

டிசைனர்கள் பெரும்பாலும் பின்கண்ணாடியையும் சேர்த்தே படம் வரைகிறார்கள். வெளியிலிருந்து படம் தெரியும், உள்ளிருந்து சாலை தெரியும் என்று சொல்லி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் 'ஒன் வே விஷன்' ஸ்டிக்கரைப் பரிந்துரைப்பார்கள்.

முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது விதி 100. 2012-ல் உச்ச நீதிமன்றம் கண்ணாடிகளில் எந்த அளவு படலமும் ஒட்டக் கூடாது என்று சொன்னது. பிறகு விதி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் அடிப்படையில், ஒளி அளவுக்கு உட்பட்ட படலம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தாராளமான விளக்கத்தை ஏற்றாலும் கணக்கு உதைக்கிறது. ஒன் வே விஷன் ஸ்டிக்கரில் ஓட்டைகள் வழக்கமாகப் பாதிப் பரப்போ அதைவிடக் குறைவோதான். பாதி மூடிய கண்ணாடியில் 70 சதவீத ஒளி எப்படி வரும்? கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

உரிக்கும் நாள்

ராப்பிங்கின் உண்மையான தரம் உரிக்கும் நாளில்தான் தெரியும். கம்பெனி பெயின்ட் மேல், ஆயுள் முடிவதற்குள் உரித்தால், மெல்லச் சூடாக்கி இழுக்க முழுத் தாளாக வரும். ஆயுள் கடந்தும் விட்டுவைத்தால் காய்ந்த இலை போல உடைந்து, விரல் நக அளவு துண்டு துண்டாக வரும். அப்போது ஒட்டக் கொடுத்த கூலியைவிட உரிக்கும் கூலி கூடுதலாகலாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த இடத்தில் ஸ்டிக்கரோடு பெயின்ட்டும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். துருவை மறைக்க ராப்பிங் செய்தால், துரு அடியில் நிம்மதியாக வளரும்.

உரித்த குப்பையும் பி.வி.சி.தான். எரித்தால் அமில வாயுவும் டையாக்சின் போன்ற நச்சும் வரும். போகி மூட்டையில் அதைச் சேர்க்காதீர்கள்.

சுருக்கமாக

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆறு கேள்விகள். காஸ்ட்டா, கேலண்டர்டா? எந்த மை? லேமினேஷன் உண்டா, அதற்கு முன் எவ்வளவு நேரம் காயவைப்பீர்கள்? அறுப்பது எதில் வைத்து? ஓரம் எழும்பினால் எத்தனை மாதம் வரை சரிசெய்து தருவீர்கள்? உரித்துத் தர எவ்வளவு?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை இருந்தாலும் யோசிக்கலாம். ஒட்டிவிட்டு மறந்துபோகிற கடை அப்படிப் பதில் சொல்லாது.