கம்பனி தரும் உபதேசம்

காலபோக விதைப்பு நெருங்கிவிட்டால் வன்னிக் கமக்காரரின் கைத்தொலைபேசி நிரம்பி வழிகின்றது. ‘பன்னெல்லை ஒழிப்பது எப்படி?’, ‘அறக்கொட்டியை வெல்லும் வழி’ என்ற தலைப்புகளுடன் நீண்ட கட்டுரைகள் வந்து குவிகின்றன. முக்காற் பங்கு பயிர்ச் சாத்திரம். எஞ்சிய காற் பங்கில் ஒரு போத்தலின் பெயர். கேளாமலே வந்து விழும் வணிகச் செய்தியை ஆங்கிலத்தில் ‘ஸ்பாம்’ என்பர். தமிழில் ‘எரிதம்’ என்றொரு சொல் ஆக்கியுள்ளனர். கம்பனிகள் எழுதுவன யாவும் எரிதமே, வாசியாது வீசுக என்று நண்பர்கள் சிலர் ஒரே வாக்கில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

எரிதத்தின் வரலாற்றில் எமது தொழிலுக்கும் வெட்கக்கேடான ஓரிடமுண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சட்டத்தரணிகள் இருவர், நிரந்தர வதிவிடச் சீட்டிழுப்புக்கு விண்ணப்பம் எழுதித்தரும் தமது சேவையை, கணினி வழியே கலந்துரையாடிய ஆயிரக்கணக்கான குழுக்களிடையே ஒரே நாளிற் கொட்டினர். எக்குழு எதைப் பற்றிப் பேசுகின்றதென்று அவர்கள் பார்க்கவில்லை. விளம்பரம் செய்ததன்று அவர்தம் குற்றம். அழைப்பின்றிப் பிறர் வீட்டு முற்றத்தில் நின்று கூவியதே குற்றம்.

மாறாக, கலப்பை செய்து விற்ற ஜோன் டியர் கம்பனி 1895 இல் ‘தி பரோ’ என்ற பெயரில் உழவருக்கென ஒரு சஞ்சிகை தொடங்கிற்று. பெயரின் பொருள் உழவுசால். மண்ணையும் பயிரையும் பண்ணை வரவுசெலவையும் பேசிய அந்த ஏட்டை உழவர்கள் விரும்பி வாசித்தனர். இன்றும் அது வெளிவருகின்றது. தன் பெயரைத் தலையிலே போட்டுக்கொண்டு, உழவனுக்குப் பயன்படுவதைக் கம்பனி எழுதினால் அதைக் குப்பை என்பது நியாயமாகுமா?

அதே 1895 இல்தான் எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. வழக்கில் நலன் உடையவன் என்பதற்காக ஒரு சாட்சியை நீதிமன்று கூண்டிலிருந்து இறக்கிவிடுவதில்லை. அவனைக் குறுக்கு விசாரணை செய்கின்றது. அவன் சொல்லுக்கு வேறு ஆதாரமுண்டா என்று தேடுகின்றது. இறந்துபோனவரின் சொல்லைப் பொதுவில் ஏற்கத் தயங்கும் அச்சட்டம், அச்சொல் அவரது பணநலனுக்கே மாறானதாயின் ஏற்றுக்கொள்கின்றது. தன் மடிக்கு நட்டம் வரப் பொய் சொல்வார் அரிதன்றோ!

இந்த உரைகல்லில் நம் தொலைபேசிக்கு வரும் உபதேசத்தை உரைத்துப் பார்ப்போம். பயிரின் இளம்பருவத்திற் கண்டபடி பூச்சிகொல்லி விசிறினால் வயற் சிலந்திகள் முதலில் மடியும். தன்னைத் தின்போர் ஒழிந்த வயலில் அறக்கொட்டி முன்னிலும் பெருகும். இது விஞ்ஞானிகள் ஐயந்திரிபறக் கண்ட உண்மை. இதனாலேயே 1986 இல் இந்தோனேசியா நெற்பயிருக்கு 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது. எமது நாடும் மிகு நச்சுத்தன்மை கொண்டவற்றை 1995 இலும், என்டோசல்பானை 1998 இலும், பரகுவாற்று முதலியவற்றை 2008 தொடக்கம் 2011 வரையிலும் படிப்படியாக விலக்கிற்று. நஞ்சுண்டு மாண்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. ‘இந்தக் கிழமை விசிறாதீர், முதலிற் சிலந்தியை எண்ணிப் பாரும்’ என்று எழுதிய கம்பனிக் கட்டுரை ஒன்றை வாசகர் எவரேனும் கண்டதுண்டா? கண்டால் அதனை வெட்டி ஒட்டிவைக்க நாம் ஆயத்தம்.

பெயரை மறைத்து வருவதோ இதனினும் கொடிது. ஒரு காலத்தில் ஏழை நாடுகளில் பால்மாக் கம்பனிகள் தம் விற்பனைப் பெண்களுக்குத் தாதியர் உடை அணிவித்துப் பிரசவ விடுதிகளுக்கு அனுப்பின. தாய்மார் உடையை நம்பினர். உலகம் கொதித்தெழுந்த பின்னரே, 1981 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் 118 வாக்குகளால் ஒரு நெறிக்கோவையை நிறைவேற்றிற்று. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

அந்தத் தாதியுடை இன்று நம் வயலுக்கு வந்திருக்கின்றது. இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் எம்மிடம் ஆலோசனைக்கு வந்தார். ‘ஆராய்ச்சிக் குறிப்பு’ என்று வந்த கட்டுரையை நம்பி, மனைவியின் காப்பை ஈடுவைத்து மருந்து வாங்கி இருமுறை விசிறியவர். பயிர் கருகிற்று. கட்டுரையைப் புரட்டிப் பார்த்தோம். எழுதியவர் பெயருமில்லை, கம்பனியின் பெயருமில்லை. ‘நாங்கள் சொல்லித் தரவில்லையே’ என்றாராம் கடைக்காரர். 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்று வணிகத்தைத் தடுக்கின்றது, மெய்தான்; ஆனால் எதிரியின் பெயரின்றி வழக்கேட்டில் எதை எழுதுவது? சம்மதமின்றி வணிகச் செய்தி அனுப்பலாகாது என்ற விதி 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. அச்சட்டத்தின் பகுதிகளை நடைமுறைப்படுத்தும் நாளோ, எமது நீதிமன்றங்களின் காணி வழக்குகளைப் போலத் தவணை தவணையாகத் தள்ளிப்போயிற்று.

ஆகவே நாம் கேட்பது தடையன்று. எழுதும் கம்பனி தன் பெயரை முதல் வரியிலே போடட்டும். கேட்டவருக்கு மட்டும் அனுப்பட்டும். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கட்டும். இம்மூன்றும் இல்லாதது எவ்வளவு இனிய தமிழில் இருந்தாலும் எரிதமே.

அரச வாக்கு மட்டும் பழுதற்றதோ என்பார்க்கு, அன்று என்பதே எமது விடை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் அத்தடையை நீக்கியதும் அரசுதான். இடையில் நட்டப்பட்டவன் கமக்காரன். அவன் கம்பனிக் கட்டுரையை நாடுவது பேதைமையால் அன்று. வேறெவரும் அவனுக்கு எழுதாமையால். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எத்தனை கிராமங்களுக்குத்தான் ஓடுவார்? விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்கே அது உதவும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. அங்குள்ள அறிஞர் பெருமக்களையும் மாவட்டத்தின் விவசாயப் பட்டதாரிகளையும் நாம் ஒன்று கேட்கின்றோம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், எந்தப் பீடைக்கு விசிறவேண்டும், எதற்கு விசிறவேண்டாம் என்று, தம் பெயரொப்பத்துடன் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தாருங்கள். கமக்காரர் அமைப்புகள் அதனை அச்சிட்டு ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் சுவரிலும் ஒட்டட்டும். புரட்டாதி விதைப்புக்கு முன் முதலாவது பக்கம் வந்தாக வேண்டும்.