வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டுமா?

கோவில்பட்டியில் ஒரு டீக்கடை. காலை நேரம். பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வாலிபர் தலையை நிமிர்த்தினார்.

"பாருங்க அண்ணாச்சி! 2025 ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீர் பஹல்காமிலே 26 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே! ஆளுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தா அப்படி நடந்திருக்குமா?"

பக்கத்தில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கி இருக்கட்டும், தம்பி. நாளைக்கு நம்ம ஊர்க் கொடையிலே சண்டை வந்தா, அந்தத் துப்பாக்கி யாரைப் பார்த்து நீளும்?"

வாலிபர் பதில் சொல்லவில்லை. நாம் யோசித்துப் பார்ப்போம்.

அன்று இருந்த காவல்

நம் கரிசல் பூமிக்கு ஆயுதம் புதிது அல்ல. பாளையக்காரர் காலத்தில் ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தார். அவருக்கு ஊரார் தானியம் அளந்தார்கள். மாடு களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும்.

1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டான் வெள்ளைக்காரன். 1801-ல் பாளையக்காரரின் போர் அடங்கியதும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். நம்மைக் காப்பாற்றவா பறித்தான்? இல்லை. அடக்கி ஆளவே பறித்தான். அந்த வேதனை நியாயமானது.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. காலப்போக்கில் சில இடங்களில் காவல் கூலி கட்டாய வசூலாக மாறியது. கூலி கொடுக்காதவர் வீட்டு மாடு களவு போயிற்று! 1890-களில் மதுரை, திண்டுக்கல் பக்கம் விவசாயிகளே "இந்தக் காவல் வேண்டாம்" என்று எதிர்த்துக் கிளம்பினார்கள்.

ஈடு கட்டும் பொறுப்பு இருந்தவரை அது காவல். அந்தப் பொறுப்பு போனதும் அதுவே கொள்ளை.

துப்பாக்கி உதவியது உண்டா?

உண்டு. 2023 ஜனவரி 1-ந் தேதி ஜம்மு பகுதியில் டாங்கிரி என்ற கிராமத்தில் பயங்கரவாதிகள் வீடு புகுந்து சுட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் தன் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். வந்தவர்கள் ஓடினார்கள். அவர் சுடாவிட்டால் இன்னும் பல உயிர்கள் போயிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கிராமப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர். துப்பாக்கியைக் கொடுத்தது அரசாங்கம். யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று கணக்கு உண்டு.

கணக்கு இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. சத்தீஸ்கரில் நக்சலைட்டுகளை எதிர்க்க, படிப்பும் பயிற்சியும் போதாத பழங்குடி வாலிபர்கள் கையில் அரசாங்கமே துப்பாக்கி கொடுத்தது. பல கிராமங்கள் காலியாயின. 2011 ஜூலை 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, "இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்" என்று தீர்ப்புக் கூறியது.

யார் நல்லவர்? யார் கெட்டவர்?

அமெரிக்காவில் சாதாரண மக்களும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 2021 ஜூனில் கொலராடோ மாநிலத்தில் அர்வாடா என்ற ஊரில், போலீஸ்காரர் ஒருவரைக் கொன்ற கொலைகாரனை ஒரு வழிப்போக்கர் சுட்டு வீழ்த்தினார். அடுத்து வந்த போலீஸ்காரர், துப்பாக்கியோடு நின்ற அந்த வழிப்போக்கரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். ஊரைக் காத்தவர் பிணமானார்!

திருவிழாக் கூட்டத்தில் பத்துப் பேர் துப்பாக்கியை எடுத்தால், யார் பயங்கரவாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. 1998 பிப்ரவரி 14-ந் தேதி கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். வைத்தவன் எங்கோ இருக்கிறான். குண்டு இங்கே வெடிக்கிறது. இடுப்பில் இருக்கும் துப்பாக்கி யாரைச் சுடும்?

மைக் பிடித்த வீரர்

2008 நவம்பர் 26-ந் தேதி மும்பை ரெயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் சுட்டுக்கொண்டே வந்தார்கள். அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஓடவில்லை. "இந்தப் பக்கம் வராதீர்கள்! பின் வழியாக வெளியேறுங்கள்!" என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். பலர் பிழைத்தார்கள்.

அன்று நள்ளிரவுக்குப் பின் துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர், கையில் லத்தி மட்டும் வைத்துக்கொண்டு, கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்தார். குண்டுகளைத் தம் உடலில் வாங்கினார். கசாப் உயிரோடு பிடிபட்டான். சதி வெளியே வந்தது.

துணிச்சலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தேவை இல்லை!

நாம் செய்யவேண்டியது என்ன? பஸ்சில் கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாமல், கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். 100 அல்லது 112-க்கு உடனே போன் செய்ய வேண்டும். ரத்தக் காயத்துக்குக் கட்டுப் போடக் கற்க வேண்டும். ஆர்வமுள்ள வாலிபர்கள் ஊர்க்காவல் படையில் சேரலாம். ஆபத்தான இடங்களில் துப்பாக்கி தேவை என்றால், தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பதில் சொல்லும் பொறுப்போடு கொடுக்கட்டும். வீட்டுக்கு வீடு வேண்டாம்.

கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். ஒரே குச்சிதான் அடுப்பையும் பற்றவைக்கிறது. வைக்கோல் படப்பையும் பற்றவைக்கிறது. அதனால்தான் தீப்பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறோம்.

துப்பாக்கியையும் கோபத்துக்கு எட்டாத உயரத்தில் வைப்போம்.