உங்கள் வாசல் மழைநீர் யார் தலையில் இறங்குகிறது?

ஐப்பசி மழை வலுத்ததும் சென்னைத் தெருக்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை ஒரு பிடி மண் தெரியாமல் சிமென்ட் போட்டிருப்பார்கள். அங்கே தண்ணீர் தேங்கினால் பாதாளச் சாக்கடை சேம்பரின் மூடியைத் தூக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் வடிந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போனது?

300 சதுர அடித் தரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர். 40 வீடுகள் இதைச் செய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். சென்னையில் மழைநீருக்கு வடிகால் வேறு, கழிவுநீருக்குக் குழாய் வேறு. கழிவுநீருக்காகப் போட்ட குழாய் இவ்வளவு மழைநீரைத் தாங்காது. கூடவே மண்ணும் இலையும் பிளாஸ்டிக்கும் போய் அடைக்கின்றன. மலம் கலந்த நீர் பள்ளமான பகுதிகளில் மேன்ஹோல் வழியே பொங்குகிறது.

பள்ளத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் யார்? அடைப்பெடுக்கக் குழிக்குள் இறக்கப்படுபவர்கள் யார்? இரண்டு கேள்விக்கும் விடை உங்களுக்குத் தெரியும்.

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 2023இல் அது 30 லட்சமானது. இழப்பீடு உயர்ந்தது, இறங்கும் சாதி மாறவில்லை.

"அரசு ஒழுங்காக வடிகால் கட்டவில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். அரசை நாம் விடப்போவதில்லை. ஆனால், இருக்கிற வடிகாலின் வாயை அடைத்து அதன்மேல் கார் ஏறச் சாய்தளம் கட்டியது யார்? 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதைக் கணக்குக்குக் கட்டி மூடியது யார்?

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. தரையின் வாட்டத்தைச் சேம்பர் பக்கம் விடாதீர்கள். கேட்டை ஒட்டிக் குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டி, இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு மூடுங்கள். அந்த நீர் முதலில் வண்டல் தங்கும் தொட்டிக்கும், பிறகு ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழிக்கும் போகட்டும். களிமண் நிலமாக இருந்து குழி நிரம்பினால், மிச்சம் மழைநீர் வடிகாலுக்குப் போகட்டும். சேம்பர் மூடியை மட்டும் தொடாதீர்கள்.

நம்மவர்களுக்கும் இதில் விலக்கில்லை. நாங்கள் பணியாற்றும் பகுதியில், கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டிய ஒரு வீட்டிலும் மாடிக் குழாய் சேம்பரில்தான் இறங்கியது. கேட்டபோது, "எல்லாரும் அப்படித்தானே விட்டிருக்காங்க" என்றார்கள்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுக் குழாய், விடுதிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சேம்பரில் முடிந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். மலக்குழி மரணத்துக்கு எதிராக நாம் முழக்கமிடும்போது, நம் வீட்டுத் தண்ணீர் அந்தக் குழிக்குள் ஓடக்கூடாது.